இன்ஜின் வேலைக்குப் பிறகு மூன்றாவது கியர் நிற்கவில்லை: ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டியும் வந்த காரணமும்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் உள்ள ஒரு சின்னப் பட்டறையில் நடந்தது இது. பட்டறை என்னுடையது. தவறிலும் பெரும்பங்கு என்னுடையதுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வண்டி 100 சிசி பைக், நான்கு ஸ்ட்ரோக், நான்கு கியர். நான்கையும் கீழே மிதித்தே போடுகிற ரகம். வண்டிக்காரர் மீன் வியாபாரி, ஐம்பதைத் தாண்டியவர். விடிகாலையில் ஒகேனக்கல் இறங்கி மீன் எடுப்பார். ஐஸ் போட்ட பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் பென்னாகரம் ஏறி, சுற்றுப்பட்டு ஊர்களில் விற்பார். பெட்டி நிறைந்தால் 60 கிலோவுக்குக் குறையாது. வருடம் முழுக்க அந்தப் பாரத்தோடு மலை ஏறிய இன்ஜின்.

ஜூலை மூன்றாவது வாரம் கொண்டுவந்தார். வெள்ளைப் புகை, ஆயில் குடிக்கிறது, ரேஸ் கொடுத்தால் அடியில் கட்டைச் சத்தம். போர், அதாவது சிலிண்டரின் உள்சுவர், தேய்ந்திருந்தது. பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடும் போயிருந்தது. கியரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானே ஓட்டிப் பார்த்தேன். நான்கு கியரும் வெண்ணெய் மாதிரி விழுந்தது.

ஆனால் கனெக்டிங் ராடு மாற்ற வேண்டுமென்றால் இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் வெளியே வர வேண்டும். அதற்கு கிராங்க் கேஸை இரண்டாகப் பிளக்க வேண்டும். இந்த ரக இன்ஜினில் கேஸைப் பிளந்தால் கிராங்க்கோடு இரண்டு கியர் ஷாஃப்ட், கியர் மிதித்தால் திரும்பும் கியர் டிரம், அது திரும்பும்போது கியரை நகர்த்தும் ஃபோர்க் எல்லாம் சேர்ந்தே வந்துவிடும். கோளாறு இல்லாத கியர் பாக்ஸை நாங்கள் கையில் எடுத்தது இதனால்தான்.

நேரக் கணக்கையும் சொல்ல வேண்டும். ஆடி 18 நெருங்கிக்கொண்டிருந்தது. ஒகேனக்கல்லில் கூட்டம் குவிகிற நாள். மீன்காரருக்கு வருடத்தில் நல்ல வியாபாரம் அப்போதுதான். பட்டறையிலும் பண்டிகைக்கு முன் சர்வீஸுக்கு வந்த வண்டிகள் வாசல் வரை நின்றன. "ஆடிப் பதினெட்டுக்குள்ள குடுத்துருவியா தம்பி?" என்று கேட்டார். குடுத்துடலாம்ணா என்றேன்.

பிரித்ததும் கழுவியதும்

கிராங்க்கை ராடு மாற்ற லேத்துக்கு அனுப்பினேன். சிலிண்டர் போருக்குப் போனது. இடையில் ஞாயிறு வந்ததால் திரும்பி வர நான்கு நாள். அதுவரை கியர் ஷாஃப்ட் இரண்டும் ஒரு தகர ட்ரேயில் இருந்தன. ஷாஃப்டிலிருந்து நான் எதையும் கழற்றவில்லை. அடுக்கு கலையாமல் இருந்தால் அப்படியே எடுத்து வைத்துவிடலாம் என்பது என் வழக்கம். வழக்கமாக ஒரு கட்டுக்கம்பியையும் சுற்றி வைப்பேன். அன்று சுற்றவில்லை.

கூட வேலை செய்யும் பையன் ஐடிஐ முடித்தவன். எங்கள் மாவட்டத்தில் ஐடிஐ முடித்த பிள்ளைகள் பெரும்பாலும் ஓசூர் கம்பெனிகளைப் பார்த்துத்தான் நிற்பார்கள். இவனும் அழைப்புக்குக் காத்திருந்த இடைவெளியில் என்னிடம் சேர்ந்தவன். கை சுத்தம். வேலை சொன்னால் சொன்னதற்கு மேல் செய்வான். பாகங்களை டீசலில் கழுவி வைக்கச் சொல்லிவிட்டு நான் வாசலில் நின்ற வண்டிகளைப் பார்க்கப் போய்விட்டேன். இரண்டில் பின்சக்கரத்துக்கு விசை கொடுக்கும் கவுன்டர் ஷாஃப்டில் கியர்களுக்கு இடையே கசடு கட்டியிருந்ததால், அந்த ஒரு ஷாஃப்டை மட்டும் முழுக்கக் கழற்றிக் கழுவியிருக்கிறான்.

மாலையில் சொன்னான்: "கவுன்டர் ஷாஃப்ட்ட கழட்டிக் கழுவிட்டேண்ணா. இருந்த மாதிரியே போட்டுட்டேன்."

ஷாஃப்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கியர்கள் வரிசை சரி. திசையும் சரி. நகரும் கியர் தடையில்லாமல் நகர்ந்தது. சரி என்று வைத்துவிட்டேன். இந்த நிகழ்வில் நான் எடுத்த முடிவுகளில் மிகத் தவறானது இதுதான். அப்போது அதை ஒரு முடிவாகக்கூட நினைக்கவில்லை.

பூட்டியபோது செய்த சோதனை

கிராங்க் வந்த அன்றே பூட்டினேன். டிரம்மின் மேல் ஏறும் இரண்டு ஃபோர்க்கையும் இடம் மாறாமல் போட்டு, பின்னைச் செருகி, கிளிப் மாட்டினேன். கேஸை மூடி, போல்ட்டுகளை இறுக்கிய பின் செயின் மாட்டும் ஸ்ப்ராக்கெட்டைக் கையால் சுற்றிக்கொண்டே டிரம்மைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, மறுபடி நியூட்ரல். எல்லாம் விழுந்தது, எதுவும் சிக்கவில்லை. கியர் சக்கரம் தலைகீழாக இருந்தாலோ ஃபோர்க் இடம் மாறியிருந்தாலோ இந்தச் சோதனையிலேயே தெரிந்துவிடும். இங்கே இருந்த தவறு அந்த வகை இல்லை. பாரம் ஏறி, வேகம் எடுத்து, பல மணி நேரம் ஓடிய பிறகுதான் முகம் காட்டும்.

ஆடி 18-க்கு மூன்று நாள் முன்பு வண்டியைக் கொடுத்தேன். புது பிஸ்டன் என்பதால் முதல் 500 கிலோமீட்டருக்கு 40-க்கு மேல் போகக் கூடாது, பாதிப் பெட்டிதான் ஏற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அவரும் கேட்டு நடந்தார். வியாபார நாளிலேயே பாதிப் பெட்டியோடு இரண்டு நடை போனார். புது பாகங்கள் பழகும் வரை மெதுவாக ஓட்டும் அந்த ரன்னிங் நாட்கள்தான் கோளாறை மறைத்தும் வைத்தன.

முதல் அறிகுறி, நான் காதில் வாங்காதது

பதினோராவது நாள் போன் செய்தார். "தம்பி, ஒண்ணுல ஒண்ணும் இல்ல. ரெண்டுல போட்டா டிக்கு டிக்குனு கேக்குது. மூணுல நிக்குது. நாலுல திரும்பக் கேக்குது."

புது இன்ஜின், வால்வு பக்கம் வரும் டேப்பெட் சத்தமாக இருக்கும், ஆயில் மாற்றும்போது பார்க்கலாம் என்றேன். டேப்பெட் சத்தம் கியருக்குக் கியர் வந்து போகாது. அது எனக்குத் தெரியாததில்லை. போனை வைக்கும் அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

இந்த ஒரு வாக்கியத்திலேயே கோளாறின் விலாசம் இருந்தது என்று பிறகு புரிந்தது. இந்த கியர் பாக்ஸில் எல்லா ஜோடிச் சக்கரங்களும் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தேதான் சுற்றும். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சக்கரம் ஷாஃப்டில் பிடிப்பில்லாமல் சும்மா சுற்றும். அதைப் பக்கத்தில் உள்ள நகரும் கியர் வந்து தன் பக்கவாட்டுப் பல்லால், அதாவது டாக்கால், கவ்வினால் அந்த கியர் விழுந்ததாக அர்த்தம். கவுன்டர் ஷாஃப்டில் நகரும் கியர் ஒன்றுதான். அது ஒரு பக்கம் போனால் முதல் கியரைக் கவ்வும், மறுபக்கம் போனால் மூன்றாவதைக் கவ்வும். இரண்டிலும் நான்கிலும் அது நடுவில், யாரையும் தொடாமல் நிற்க வேண்டும்.

இப்போது மூன்றாவது சக்கரம் தன் இடத்திலிருந்து சற்று நகர்ந்து நகரும் கியர் பக்கம் சாய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் கியரில் நகரும் கியர் எதிர்ப்பக்கம் போய்விடுவதால் சத்தம் இருக்காது. மூன்றில் இரண்டும் கவ்விக்கொண்டு ஒன்றாகச் சுற்றும், அப்போதும் சத்தம் இல்லை. இரண்டிலும் நான்கிலும் மட்டும் டாக் முனைகள் உரசும். மீன்காரர் சொன்ன வரிசையும் இதுதானே. ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தால் கேஸைத் திறக்கும் முன்பே எந்த இடம் என்று விரல் வைத்திருக்கலாம்.

500 கிலோமீட்டரில் ஆயில் மாற்றியபோது பழைய ஆயிலில் வெள்ளி மினுமினுப்பு இருந்தது. காந்தத்தில் ஒட்டியது. புது ரிங்கும் போரும் ஒன்றையொன்று தேய்க்கும் தூள் என்று எடுத்துக்கொண்டேன். போர் வார்ப்பிரும்பு, அதன் தூளும் காந்தத்தில் ஒட்டும், கியர் தூளும் ஒட்டும். காந்தத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

மலையில் விட்டது, மலிவான வழியைப் பிடித்தது

ரன்னிங் முடிந்து முழுப் பெட்டி ஏற்றிய முதல் வாரத்தில், ஒகேனக்கல் மலைப்பாதை ஏற்றத்தில், மூன்றாவது கியர் தானாக விட்டது. இன்ஜின் வீல் என்று கத்த, வண்டி பின்னால் இழுக்க, காலை ஊன்றி நிறுத்தியிருக்கிறார். அன்றைக்கு நான்கு முறை. கடைக்கு வந்து கோபப்படாமல்தான் சொன்னார்: "மூணு நிக்கவே மாட்டேங்குது தம்பி. ரெண்டுலயே ஏறிட்டு வந்தேன். ஐஸ் பாதி கரைஞ்சு போச்சு."

கியர் விடுவதற்குப் பல காரணம் உண்டு. டாக் முனை மழுங்கியிருக்கலாம், ஃபோர்க் வளைந்திருக்கலாம், டிரம்மை ஒவ்வொரு நிலையிலும் பிடித்து நிறுத்தும் ஸ்டாப்பர் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். முதல் இரண்டுக்கும் இன்ஜினை இறக்கிப் பிளக்க வேண்டும். மூன்றாவதற்கு கிளட்ச் கவரைத் திறந்தால் போதும், ஒரு மணி நேர வேலை. நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். சுலபமானதை முதலில் பார்ப்பது தப்பில்லை. ஆனால் பழைய ஸ்பிரிங்கைப் புதியதோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தபோது நீளத்தில் வித்தியாசமே தெரியவில்லை. தெரிந்தும் மாற்றிவிட்டு, இதுதான் காரணம் என்று வண்டியை அனுப்பினேன். கவர் திறந்திருந்தபோதே ஆயிலை வடிகட்டும் வலையை உருவிப் பார்த்திருக்கலாம். அதையும் செய்யவில்லை.

மூன்று நாளில் திரும்பி வந்தார். இந்த முறை வண்டியைத் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு.

வலையில் இருந்த துண்டு

மறுபடி கவரைத் திறந்து முதல் வேலையாக ஆயில் வலையை உருவினேன். வலையின் மூலையில் வெட்டிய நகத்துண்டு மாதிரி, பிறை வடிவில், கறுத்த ஒரு இரும்புத் துண்டு. ஒரு பக்கம் உடைந்த முனை பளபளவென்று இருந்தது. கையில் வைத்துப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, சர்க்கிளிப்பு. ஷாஃப்டின் பள்ளத்தில் உட்கார்ந்து சக்கரத்தை நகரவிடாமல் பிடிக்கும் வளையம். எங்கள் பட்டறையில் லாக் என்போம். வேறு யோசனைக்கு இடமில்லை. இன்ஜினை இறக்கினேன்.

கேஸைப் பிளந்ததும் கண்டது இது. கவுன்டர் ஷாஃப்டில் மூன்றாவது சக்கரத்தைத் தடுத்து நிறுத்தும் லாக் இல்லை. சக்கரம் விரலால் தள்ளினாலே நகரும் கியர் மேல் போய் இடித்தது. இரண்டின் டாக் முனைகளும் சதுரமாக இருக்க வேண்டிய இடத்தில் சோப்புக் கட்டி தேய்ந்தது போல் உருண்டிருந்தன. அந்த கியரைப் பிடிக்கும் ஃபோர்க்கின் நுனியில் சூடேறி நீலம் பாரித்திருந்தது. சக்கரத்துக்கும் லாக் இருந்த பள்ளத்துக்கும் நடுவே ஒரு வாஷர் தொளதொளவென்று தொங்கியது.

அந்த வாஷர்தான் விஷயம். அங்கே வர வேண்டியது பல் வாஷர். உள்வட்டத்தில், ஷாஃப்டில் நீளவாக்கில் வெட்டிய வரிகளுக்கு ஏற்ற பற்கள் இருக்கும். அதனால் அது ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும், லாக்கும் ஷாஃப்டோடு சுற்றும். இரண்டுக்கும் நடுவே உராய்வு இல்லை. சும்மா சுற்றும் சக்கரத்தின் உரசலைப் பல் வாஷர் வாங்கிக்கொள்ளும், லாக் வரை விடாது. எங்கள் ஷாஃப்டில் இருந்தது உள்வட்டம் மொழுக்கென்று இருந்த மொட்டை வாஷர். அது சக்கரத்தோடு ஒட்டிச் சுற்றி நேராக லாக்கைத் தேய்த்திருக்கிறது. லாக்கும் பழையது, ஒரு முறை விரித்து எடுத்தது. தேய்ந்து, பள்ளத்தை விட்டு ஏறி, நகரும் கியரின் டாக்கில் மாட்டி உடைந்திருக்கிறது.

பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: கழுவி முடித்தபோது ஒரு வாஷர் குறைந்தது. ட்ரேயில் தேடினான், கிடைக்கவில்லை. பழைய வாஷர்கள் போட்டு வைத்திருக்கும் டப்பாவில் அதே அகலத்தில் ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டான். லாக்கை எடுக்க பிளையர் கிடைக்காமல் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியிருக்கிறான்.

"ஏன்டா அன்னைக்கே சொல்லல?"

"போன வாரம் நட்டு ஒண்ணு தொலைச்சதுக்குக் கத்துனீங்களேண்ணா."

கத்தியது உண்மைதான். பத்து ரூபாய் நட்டு. வாடிக்கையாளர் முன்னால் வைத்துத் திட்டினேன்.

தொலைந்த பல் வாஷரும் பிறகு கிடைத்தது. தகர ட்ரேயின் அடியில், டீசல் கசடு காய்ந்து இறுகிய படலத்துக்குள், தகரத்தோடு தகரமாக ஒட்டிக்கிடந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தேன். ஆயில் ஒட்டிய வாஷர் எதிலும் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும். சக்கரத்தின் பின்பக்கம், கேஸின் சுவர், நம் உள்ளங்கை, எங்கே வேண்டுமானாலும்.

இரண்டாவது முறை பூட்டியது

முதலில் உடைந்த லாக்கின் துண்டுகளைச் சேர்த்தேன். வலையில் ஒன்று, கேஸின் அடியில் இரண்டு. வெள்ளைத் தாளில் ஒரு புது லாக்கை வைத்து, அதன் மேல் மூன்று துண்டையும் வளைவு பார்த்து அடுக்கினேன். அரிசி அளவுக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. அந்தத் துண்டு கிடைக்கும் வரை பூட்டுவதில்லை என்று நிறுத்தினேன். அரை நாள் தேடினோம். கடைசியில் பையன்தான் கண்டுபிடித்தான். கவுன்டர் ஷாஃப்ட் பேரிங்கைச் சுற்றியபோது ஓர் இடத்தில் தட்டியது, குண்டுகளுக்கு நடுவே சிக்கியிருந்தது. அந்த பேரிங்கை மாற்றினோம். ஆயில் பம்பையும் திறந்து உள்ளே கீறல் இல்லை என்று உறுதி செய்தேன்.

அடுத்த கேள்வி, எதை மாற்றுவது, எதை விடுவது. மூன்றாவது சக்கரம், நகரும் கியர், நீலம் பாரித்த ஃபோர்க் மூன்றையும் மாற்றினேன். டாக்கைக் கிரைண்டரில் சதுரமாக்கிப் போடலாம் என்று பக்கத்துப் பட்டறைக்காரர் சொன்னார். அப்படி ஓடும் வண்டிகளும் உண்டு. ஆனால் டாக்கின் மேல் தோல்தான் கடினப்படுத்தியது. அதைத் தேய்த்துவிட்டால் உள்ளே உள்ள மென்மையான இரும்பு மலைப்பாதைக்குத் தாங்காது என்று மறுத்துவிட்டேன். ஷாஃப்டை மாற்றவில்லை. லாக் உட்காரும் பள்ளத்தின் விளிம்பை நகத்தால் ஓட்டிப் பார்த்தேன், கூராகவே இருந்தது. விளிம்பு உருண்டிருந்தால் எந்தப் புது லாக்கும் அங்கே நிற்காது, ஷாஃப்டும் போயிருக்கும். இன்னொரு ஷாஃப்டில் உள்ள ஜோடிச் சக்கரங்களையும் மாற்றுவதுதான் முறை. பற்கள் நன்றாக இருந்ததாலும் செலவு என் கையிலிருந்து போவதாலும் விட்டுவிட்டேன். இது சரியா என்பதில் எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை.

மூன்றாவது சக்கரம் தருமபுரியில் கிடைக்கவில்லை. சேலத்தில் கேட்டு பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லி வாங்கினேன்.

பூட்டும்போது எல்லா லாக்கும் புதிது. லாக்கை விரலால் தடவினால் ஒரு பக்க விளிம்பு மழுங்கியும் மறுபக்கம் கூராகவும் இருக்கும். மழுங்கிய பக்கம் சக்கரத்தைப் பார்க்க வேண்டும், கூரான பக்கம் எதிர்ப்புறம். அப்போதுதான் சக்கரம் தள்ளும்போது கூரான விளிம்பு பள்ளத்தின் சுவரில் நன்றாகப் பிடிக்கும். திருப்பிப் போட்டால் மழுங்கிய விளிம்பு பள்ளத்தை விட்டு ஏறப் பார்க்கும். வாய் திறந்த பகுதி ஷாஃப்டின் வரிப் பள்ளத்துக்கு நேராக வரும்படி உட்கார வைத்தேன். உட்கார்ந்த பின் பிளையரால் லேசாகச் சுற்றிப் பார்த்தேன். பள்ளத்துக்குள் முழுதாக இறங்கிய லாக் தடையின்றிச் சுற்றும். இதெல்லாம் பையன் கையால் நடந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அதன் பின் நடந்தது

பாகங்களின் செலவும் கூலியும் என் கணக்கு. வண்டி நின்ற ஆறு நாளும் என் வண்டியை அவருக்குக் கொடுத்தேன். அந்த மீன் வாசம் சீட்டில் இன்னும் இருக்கிறது.

கொடுப்பதற்கு முன் நானே ஒரு மணல் மூட்டையைப் பின்னால் கட்டி ஒகேனக்கல் வரை இறங்கி, மூன்றாவது கியரிலேயே ஏறி வந்தேன். விடவில்லை. 500 கிலோமீட்டரில் ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டினேன், மினுமினுப்பு இல்லை. வலையும் சுத்தம். இரண்டு மாதம் கழித்து செயின் இறுக்க வந்தபோது கியரைப் பற்றிக் கேட்டேன். "அத மறந்தே போயிட்டேன் தம்பி" என்றார்.

மலையில் வேறு விதமாகவும் நடந்திருக்கலாம். இரண்டாவதில் போகும்போது நகர்ந்து வந்த மூன்றாவது சக்கரமும் கவ்வியிருந்தால் ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழுந்து பின்சக்கரம் இறுகியிருக்கும். இறக்கத்தில், வளைவில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று அவரிடம் சொல்லவில்லை. பையனிடம் சொன்னேன்.

இப்போது பட்டறையில் மாறியிருப்பவை

பழைய வாஷர் டப்பாவைத் தூக்கி பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். வாஷர் குறைந்தால் கடையில் புதிது வாங்குவது, இல்லையென்றால் வேலையை நிறுத்துவது. தொலைந்ததைச் சொன்னால் திட்டுவதில்லை என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு முறை வாயைக் கட்டுப்படுத்திக்கொண்டேன், ஒரு முறை முடியவில்லை.

ஷாஃப்ட் கேஸை விட்டு வெளியே வந்த நிமிடமே கட்டுக்கம்பி. கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால், கழற்றுகிற வரிசையிலேயே ஒரு கம்பியில் கோர்த்து, போனில் படம். வேறு யார் அடுக்கினாலும், பூட்டுகிறவன் ஷாஃப்டை மறுபடி முழுக்கக் கழற்றி அடுக்க வேண்டும். மேலோட்டமாகப் பார்த்து சரி சொல்லக் கூடாது. கால் மணி நேரம்கூட ஆகாது. சர்க்கிளிப்பு பிளையர் இன்னொன்று வாங்கியாயிற்று.

கியர் சத்தம் என்று யாராவது வந்தால் எந்தெந்த கியரில் வருகிறது, எதில் வரவில்லை என்று கேட்டு, வேலைச் சீட்டின் பின்பக்கம் எழுதுகிறோம். சுவரில் இரண்டு ஷாஃப்டின் படம் கரிக்கட்டையால் வரைந்திருக்கிறது, எந்த கியரில் எது எங்கே நகரும் என்று. வரைந்தது பையன். ஓசூரிலிருந்து அழைப்பு இன்னும் வரவில்லை.

மீன்காரர் வண்டியில் அந்த இன்னொரு ஷாஃப்டின் பழைய சக்கரங்கள் அப்படியேதான் ஓடுகின்றன. அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: எல்லா கியரிலும் வரும் சத்தம் என்றால் அடுத்த சர்வீஸுக்கு வந்தால் போதும், ஒரு கியரில் வந்து அடுத்ததில் நிற்கிற சத்தம் என்றால் வண்டியை அங்கேயே ஓரம் கட்டிவிட்டுப் போன் போடுங்கள், நான் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று.